மேசைப் போர் விளையாட்டில் ஜெர்மானியக் கனரகப் பீரங்கி மினியேச்சர்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இரண்டாம் உலகப் போரின் ஜெர்மானியத் தரைப்படைப் பீரங்கிகளை மினியேச்சர்களாகச் சேர்ப்பவர்களும், அவற்றை வரலாற்றுப் போர் விளையாட்டில் பயன்படுத்துபவர்களும் தொடர்ந்து கேட்கும் கேள்விகளுக்கு இங்கே விடை தரப்படுகிறது. எந்த மாடலை வாங்குவது என்பதைவிட, வாங்கிய மாடலை மேசையில் எங்கே வைப்பது என்பதே கடினமான கேள்வி என்பதால், அதற்கு அதிக இடம் ஒதுக்கப்பட்டுள்ளது.

ஜெர்மானியப் படை எந்தப் பீரங்கிகளைக் கனரகம் என்று வகைப்படுத்தியது?

டிவிஷன் (பல ரெஜிமென்ட்டுகள் சேர்ந்த பெரிய படைப்பிரிவு) அளவில் பார்த்தால் எல்லைக்கோடு தெளிவானது. 10.5 செ.மீ. எல்இஎஃப்எச் 18 ஹோவிட்சர் (குண்டை உயரமாக வளைத்து எறியும் பீரங்கி) இலகு வகை, 15 செ.மீ. எஸ்எஃப்எச் 18 ஹோவிட்சர் கனரக வகை. 10 செ.மீ. கே 18 என்ற நீள்குழல் பீரங்கியின் குண்டு இலகு ஹோவிட்சரின் குண்டைப் போன்றே 105 மி.மீ. விட்டம் கொண்டதாயினும், அது எஸ்எஃப்எச் 18-இன் வண்டியிலேயே ஏற்றப்பட்டு, சுமார் 19 கி.மீ. வரை சுட்டதால், கனரகப் பிரிவுகளிலேயே சேர்க்கப்பட்டது. இவற்றுக்கு மேலே, ராணுவத் தலைமையகம் நேரடியாகத் தன் கையில் வைத்திருந்து தேவைக்கேற்ப அனுப்பிய 17 செ.மீ. கே 18-உம் 21 செ.மீ. மோர்சர் 18-உம் உள்ளன. அதற்கும் மேலே ரயில் பீரங்கிகளும் கார்ல் போன்ற முற்றுகை மோர்ட்டார்களும் வருகின்றன. பெயரில் உள்ள அளவைக் கண்டு குழம்ப வேண்டாம்: ‘15 செ.மீ.’ என்பதன் உண்மையான குழல் விட்டம் 149 மி.மீ.; ‘10 செ.மீ.’ என்பது 105 மி.மீ.

முதல் மாடலாக எதை வாங்குவது?

15 செ.மீ. எஸ்எஃப்எச் 18-ஐ வாங்குங்கள். போரின் முதல் ஆண்டுகளில் ஒரு ஜெர்மானியக் காலாட்படை டிவிஷனின் பீரங்கி ரெஜிமென்ட்டில் 36 இலகு ஹோவிட்சர்களும் 12 கனரக ஹோவிட்சர்களும் இருந்தன; அந்தப் பன்னிரண்டும் பெரும்பாலும் இந்த மாடல்தான். போலந்து முதல் பெர்லின் வரை எந்தப் போர்முனையை எடுத்துக்கொண்டாலும் அது பொருந்தும். போருக்கு முன் வடிவமைக்கப்பட்டு, ரைன்மெட்டால் நிறுவனத்தின் குழலையும் க்ரூப் நிறுவனத்தின் வண்டியையும் இணைத்து உருவான இந்தப் பீரங்கி, சுமார் 5.5 டன் எடையுடன், 43.5 கிலோ குண்டை 13 கி.மீ.க்குச் சற்று மேல் வரை எறிந்தது. சோவியத் படையின் 152 மி.மீ. எம்எல்-20 அதைவிட நெடுந்தொலைவு சுட்டதால், எதிரியின் பீரங்கிகளைச் சுட்டு அடக்கும் எதிர்ப்பீரங்கிச் சண்டையில் எஸ்எஃப்எச் 18 பின்தங்கியது என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். கிழக்குப் போர்முனை விளையாட்டுகளை அமைப்பவர்கள் இதை அடிக்கடி மறந்துவிடுகிறார்கள்.

இவ்வளவு நீண்ட வீச்சுள்ள பீரங்கியை மேசையில் வைப்பது சரியா?

கணக்கை முதலில் பார்ப்போம். எஸ்எஃப்எச் 18-இன் உச்ச வீச்சு 13,325 மீட்டர். 28 மி.மீ. உருவங்களுக்கு இணையாகக் கொள்ளப்படும் 1/56 அளவில் அது சுமார் 238 மீட்டர். 1/100 அளவில் 133 மீட்டர். நுண்ணிய 1/285 அளவில்கூட ஏறத்தாழ 47 மீட்டர். நாம் விளையாடும் மேசையின் நீளமோ பெரும்பாலும் 1.8 மீட்டர். 1/56 அளவில் அந்த 1.8 மீட்டர், உண்மையான நிலத்தில் நூறு மீட்டர் மட்டுமே. எனவே மேசையில் நடக்கும் காலாட்படைச் சண்டைக்கு உதவியாகச் சுடும் கனரகப் பேட்டரி (சேர்ந்து சுடும் பீரங்கிகளின் குழு), அளவை மதித்தால், பக்கத்துத் தெருவில் நின்றாக வேண்டும்.

விதிநூல்கள் இதை இரண்டு வழிகளில் சமாளிக்கின்றன. சில, ஃப்ளேம்ஸ் ஆஃப் வார் போல, வீச்சைச் சுருக்கிப் பீரங்கியை மேசையின் பின்விளிம்பில் வைக்க அனுமதிக்கின்றன. மாடலை எல்லோரும் பார்க்க முடிகிறது, ஆனால் போர்க்களத்தின் ஆழம் காணாமல் போகிறது. வேறு சில, போல்ட் ஆக்ஷன் போல, முன்னணிப் பார்வையாளர் என்ற ஒரு சிறு உருவத்தின் மூலம் மேசைக்கு வெளியிலிருந்து குண்டுமழையை வரவழைக்கின்றன. வரலாற்றுக்கு நெருக்கமானது இரண்டாவது வழி என்பதில் எனக்கு ஐயமில்லை. கனரக ஹோவிட்சரை இயக்கிய வீரர்களில் பெரும்பாலோர் தாங்கள் சுட்ட இலக்கைக் கண்ணால் கண்டதே இல்லை. அவர்களுக்கு வந்தது தொலைபேசிக் கம்பியில் சில எண்கள். அவர்கள் அனுப்பியது குண்டு. அந்தப் பீரங்கியின் ஆற்றலை மேசையில் காட்ட விரும்புபவர், முதலில் பார்வையாளரையும் அவரது கம்பியையும்தான் காட்ட வேண்டும்.

இதனால் மாடல் வீணாகிவிடும் என்று பொருளில்லை. முதன்மை மேசைக்கு அருகே ஒரு சிறிய பலகையில் பேட்டரியை அமைத்து, குண்டுகளின் இருப்பு, குழு உறுப்பினரின் இழப்பு, எதிரியின் எதிர்ப்பீரங்கித் தாக்குதல் ஆகியவற்றை அங்கேயே குறித்துக்கொண்டு விளையாடுவது மிகச் சிறந்த ஏற்பாடு. அந்தப் பலகைக்கு எதிராளியின் பார்வை எட்டாதபடி ஒரு அட்டையை நிறுத்திவிட்டால் பேட்டரி எங்கே இருக்கிறது என்பதை அவர் தேடிக் கண்டுபிடிக்கும் வேலையும் விளையாட்டில் சேர்ந்துவிடும்.

பார்வையாளர் குழுவை எப்படி அமைப்பது?

ஒரு அதிகாரி, ஒரு தொலைபேசி இயக்குநர் அல்லது வானொலி இயக்குநர், ஒரு துணைவர் என மூவர் போதும். அடையாளம் சொல்லும் பொருள், அகழிக்கு மேலே இரண்டு கொம்புகள்போல் நீளும் கத்திரித் தொலைநோக்கி. தலையை வெளியே நீட்டாமல் பார்ப்பதற்காகவே அது அவ்வாறு வடிவமைக்கப்பட்டது. அதோடு ஒரு தொலைபேசிப் பெட்டி, ஒரு வரைபடப் பலகை. பழைய செம்புக் கம்பியிலிருந்து பிரித்தெடுத்த மெல்லிய இழை ஒன்றை அடித்தட்டின் விளிம்புவரை கொண்டுசென்றால், அதைப் பார்ப்பவருக்குக் கம்பி எங்கே போகிறது என்ற கேள்வி தானாக எழும். விளையாட்டிலும் அந்தக் கம்பிக்கு வேலை கொடுங்கள்: குண்டு விழுந்த இடத்தில் கம்பி அறுந்தால், அதைச் சரிசெய்ய ஒருவர் ஓட வேண்டும். வாகனத்தின் மேலேயே ஏற்றப்பட்ட தன்னியக்கப் பீரங்கிகளின் பேட்டரிகளுக்குப் பொருத்தமான பார்வையாளர் வாகனம், போலிக் குழல் பொருத்தப்பட்ட பான்சர் 3 டாங்கு. பீரங்கி இருந்த இடத்தில் கருவிகளும் வானொலியும் இருந்ததால், எதிரியை ஏமாற்ற அந்தப் போலிக் குழல் வைக்கப்பட்டது.

அப்படியானால் கனரக ஹோவிட்சர் மேசையின் நடுவே வருவதற்கு வரலாற்று நியாயம் உள்ள சூழல்கள் எவை?

மூன்று வகைச் சூழல்களைச் சொல்லலாம். முதலாவது, முன்னணி உடைந்து எதிரி டாங்குகள் பீரங்கி நிலைகளுக்குள்ளேயே புகுந்துவிடும் தருணம். 1944 ஜூனில் பெலாரஸில் தொடங்கிய பக்ராத்தியோன் தாக்குதலில் ஜெர்மானிய மத்திய ராணுவக் குழு சிதறியபோது, இழுத்துச் செல்லக் குதிரையோ வாகனமோ இல்லாமல் ஏராளமான பீரங்கிகள் கைவிடப்பட்டன. அந்த நாட்களின் ஒரு பேட்டரி, ஐந்தரை டன் ஹோவிட்சரைத் திருப்பி, நேராகக் குறிபார்த்து டாங்குகளைச் சுட்டபடி, மற்றொரு பக்கம் வண்டிகளைப் பூட்டித் தப்ப முயல்வது மிக வலுவான காட்சி. இங்கே வெற்றி எத்தனை டாங்குகள் எரிந்தன என்பதில் இருக்கக் கூடாது. எத்தனை பீரங்கிகள் மேசையைவிட்டு வெளியேறின என்பதில் இருக்க வேண்டும்.

இரண்டாவது, அணிவகுப்பு. சாலையில் நீளமாகச் செல்லும் பேட்டரியைக் கொரில்லாப் படையோ போர் விமானமோ தாக்குவது. 1944 ஆகஸ்டில் நார்மண்டியின் ஃபலேஸ் பகுதியில் சிக்கிய ஜெர்மானியப் படையின் சாலைகளை நினைத்துக்கொண்டால் அமைப்பு தானாகவே உருவாகும். மூன்றாவது, கட்டடங்களை அருகிலிருந்து தகர்க்கும் நகரச் சண்டை. ஆனால் அதற்குப் பொதுவாகப் பயன்பட்டது வேறு ஆயுதம். அது அடுத்த கேள்விக்கு உரியது.

15 செ.மீ. எஸ்ஐஜி 33-உம் எஸ்எஃப்எச் 18-உம் ஒன்றா?

இல்லை. குழல் விட்டம் ஒன்றாக இருப்பதால் இரண்டையும் மாற்றி எழுதும் பழக்கம் விற்பனைப் பட்டியல்களில்கூட உண்டு. எஸ்ஐஜி 33 காலாட்படையின் சொந்தப் பீரங்கி. காலாட்படை ரெஜிமென்ட்டின் பீரங்கிக் கம்பெனியில் ஆறு சிறிய 7.5 செ.மீ. பீரங்கிகளோடு இரண்டு எஸ்ஐஜி 33-கள் இருந்தன. 38 கிலோ குண்டை 4,700 மீட்டர் வரைதான் சுடும், எடை எஸ்எஃப்எச் 18-இன் எடையில் மூன்றில் ஒரு பங்குக்குக் கிட்டத்தட்ட இருக்கும், குழல் குட்டையானது. காலாட்படையோடு சேர்ந்தே நகர்ந்து, வீடுகளையும் பதுங்கு அறைகளையும் நேருக்கு நேர் தகர்த்தது. பிளாட்டூன் அளவிலான விளையாட்டில் ஒரு ‘பெரிய’ ஜெர்மானியப் பீரங்கி மேசையிலேயே இருக்க வேண்டும் என்று விரும்புபவருக்கு நான் தயங்காமல் பரிந்துரைப்பது இதைத்தான்.

வண்ணம் தீட்டும்போது ஒரு சிறு வேறுபாடு முக்கியம். எஸ்ஐஜி 33-ஐ இயக்கியவர்கள் காலாட்படையினர். அவர்களின் தோள்பட்டை விளிம்பு வெள்ளை. எஸ்எஃப்எச் 18-ஐ இயக்கியவர்கள் பீரங்கிப் படையினர், அவர்களுக்குச் சிவப்பு. 28 மி.மீ. உருவத்தில் இது தெளிவாகத் தெரியும்.

எஸ்ஐஜி 33-ஐச் சக்கரங்களோடு அப்படியே பான்சர் 1 டாங்கின் மேல் ஏற்றிய வாகனம் 1940-இல் 38 எண்ணிக்கையில் செய்யப்பட்டது. உயரமானது, மெல்லிய கவசமுடையது, பார்ப்பதற்கு நிலைகுலைந்து விழுந்துவிடும் போலிருப்பது. பிரான்ஸ் போர்த்தொடரை விளையாடுபவர்கள் தவறவிடக் கூடாத மாடல்.

எந்த அளவுகோல் எனக்குப் பொருந்தும்?

எஸ்எஃப்எச் 18-இன் குழல் நீளம் 4.44 மீட்டர். அது 1/56-இல் ஏறத்தாழ 79 மி.மீ., 1/72-இல் 62 மி.மீ., 1/100-இல் 44 மி.மீ., 1/285-இல் 16 மி.மீ. பீரங்கியின் கால்களை விரித்து, குழுவையும் சேர்த்து வைத்தால், 1/56 அளவில் ஒரே பீரங்கி ஒரு உணவுத் தட்டின் இடத்தைப் பிடித்துக்கொள்ளும். எஸ்எஃப்எச் 18 பேட்டரி என்றால் நான்கு பீரங்கிகள். உண்மையான நிலத்தில் அவை ஒன்றுக்கொன்று பல பத்து மீட்டர் இடைவெளியில் நின்றன. நான்கு எஸ்எஃப்எச் 18-களையும் அவற்றின் இழுவை வாகனங்களையும் முழுமையாகக் காட்ட விரும்பினால் 1/100 அல்லது அதற்கும் சிறிய அளவையே தேர்ந்தெடுங்கள்.

1/72 அளவின் தனிச்சிறப்பு, பிளாஸ்டிக் மாடல் நிறுவனங்களின் நீண்ட மரபு அதில் இருப்பது. ரெவெல் நிறுவனத்தின் 18 டன் ஃபாமோ இழுவை வாகனமும், ஹாசெகாவா நிறுவனத்தின் லியோபோல்ட் ரயில் பீரங்கியும் கார்ல் மோர்ட்டாரும் அந்த அளவில் வந்தவை. 1/285 அளவில் ஜிஎச்க்யூ நிறுவனத்தின் உலோக மாடல்கள் விவரத்திலும் பல்வகையிலும் நெடுங்காலமாக மதிக்கப்படுகின்றன. ஒரு டிவிஷனின் 48 பீரங்கிகளையும் மேசையில் நிறுத்த வேண்டும் என்ற ஆசை உள்ளவருக்கு அதுவே வழி. 1/56-உம் 1/72-உம் ஒரே மேசையில் கலந்தால் பீரங்கி பொம்மையாகத் தெரியும், கலக்காதீர்கள்.

ஒரு பீரங்கிக்கு எத்தனை உருவங்கள் வேண்டும்? அவர்கள் என்ன செய்துகொண்டிருக்க வேண்டும்?

எஸ்எஃப்எச் 18-க்கு ஐந்து முதல் ஏழு உருவங்கள் இயல்பாக இருக்கும். எண்ணிக்கையைவிட அவர்களின் செயல் முக்கியம். இந்த ஹோவிட்சரில் குண்டும் வெடிமருந்துக் கூடும் தனித்தனியே ஏற்றப்பட்டன. தூரத்துக்கேற்ப மருந்துப் பொதிகளைக் கூட்டியும் குறைத்தும் எட்டு நிலைகளில் சுட முடிந்தது; மிக உயர்ந்த நிலைகள் குழலைத் தேய்த்தன. எனவே 43.5 கிலோ குண்டைச் சுமக்கும் ஒருவரும், பித்தளைக் கூட்டைத் தயார் செய்யும் வேறொருவரும், குறிபார்க்கும் கருவியருகே ஒருவரும், கையை உயர்த்திய கட்டளை அதிகாரியும் இருந்தால் காட்சி நம்பத்தக்கதாகிறது. குண்டும் மருந்தும் ஒரே தோட்டாவாக இணைந்திருப்பதைக் கையில் ஏந்திய உருவம் பெட்டியில் இருந்தால், அது டாங்கு எதிர்ப்புப் பீரங்கிக்கோ விமான எதிர்ப்புப் பீரங்கிக்கோ உரியது. அதை ஹோவிட்சர் அருகே வைக்க வேண்டாம்.

சுற்றிலும் வைக்கும் பொருள்களில் பிரம்புக் கூடைகளுக்கு முதலிடம் கொடுங்கள். கனரகக் குண்டுகளும் மருந்துக் கூடுகளும் பின்னப்பட்ட கூடைகளில்தான் கொண்டுவரப்பட்டன. வெற்றுக் கூடைகள் ஒருபுறமும் நிரம்பியவை சற்றுத் தொலைவில் மறுபுறமும் குவிந்திருந்தால், அந்தப் பேட்டரி எவ்வளவு நேரமாகச் சுடுகிறது என்பதே விளங்கும்.

21 செ.மீ. மோர்சரின் குண்டோ 113 கிலோ. அதை ஒருவர் தோளில் சுமப்பதாகக் காட்டும் உருவம் தவறு. அதற்குத் தட்டும், தள்ளுவண்டியும், பலரும் வேண்டும்.

இழுத்துச் செல்லக் குதிரையா, வாகனமா?

இரண்டுமே சரி, ஆனால் குதிரை மிகவும் குறைவாகக் காட்டப்படுகிறது. ஜெர்மானியத் தரைப்படை போர் முழுவதும் சுமார் 27 லட்சம் குதிரைகளைப் பயன்படுத்தியது என்பது பரவலாக ஏற்கப்பட்ட மதிப்பீடு. சாதாரணக் காலாட்படை டிவிஷனில் எஸ்எஃப்எச் 18 குதிரைகளால்தான் இழுக்கப்பட்டது. ஒரே சுமையாக இழுக்க முடியாத எடை என்பதால், குழலைக் கழற்றித் தனி வண்டியில் ஏற்றி, குழலுக்கு ஆறு குதிரைகள், பீரங்கி வண்டிக்கு ஆறு குதிரைகள் எனப் பூட்டினர். இலையுதிர்காலச் சேற்றில் ஒரு பேட்டரி இடம் மாறுவது எத்தகைய உழைப்பு என்பதை இந்த இரட்டை வண்டி மாடல் ஒன்றே சொல்லிவிடும்.

இயந்திரப் பிரிவுகளில் 8 டன் இழுவைத்திறன் கொண்ட எஸ்டிகேஎஃப்இசட் 7 என்ற அரைச்சங்கிலி வாகனம் அதே பீரங்கியை ஒரே சுமையாக இழுத்தது. அப்போது குழல் பின்னுக்கு இழுக்கப்பட்டு, வண்டியின் கால்களின் மேல் படிந்திருக்கும். சுடும் நிலையில் உள்ள மாடலை அப்படியே வாகனத்தின் பின்னால் கோத்துவிடுவது பலரும் செய்வது. நீண்டு நிற்கும் குழல் அந்தப் பிழையை உடனே காட்டிக்கொடுக்கும். சக்கரமும் மாறும்: வாகனத்தால் இழுக்கப்பட்டவற்றுக்குத் திடமான ரப்பர் விளிம்பு, குதிரையால் இழுக்கப்பட்டவற்றுக்கு இரும்பு விளிம்பு.

தன்னியக்க வடிவமான ஹும்மெல் எதற்குப் பயன்படும்?

எஸ்எஃப்எச் 18-ஐயே பான்சர் 3, பான்சர் 4 பாகங்களால் ஆன அடித்தளத்தில் ஏற்றிய இந்த வாகனம் 1943 கோடையில் கூர்ஸ்க் போரில் களம் கண்டது. பான்சர் டிவிஷனின் பீரங்கி ரெஜிமென்ட்டில் ஒரு பேட்டரிக்கு ஆறு ஹும்மெல்கள். கூரையில்லாத, மெல்லிய கவசமுள்ள இதை டாங்குபோல முன்னால் ஓட்டிச் செல்வது அதன் பணியை மறுப்பதாகும். வாகனத்துக்குள் 18 குண்டுகளே இருந்ததால், பீரங்கியில்லாத அதே உருவமுள்ள வெடிமருந்து வாகனம் ஒன்றையும் சேர்த்து வாங்குவது நல்லது.

எந்த வண்ணம் தீட்டுவது?

ஆண்டைப் பொறுத்தது. 1943 பிப்ரவரி வரை ஐரோப்பியப் போர்முனைகளில் அடிப்படை வண்ணம் கருஞ்சாம்பல். 1940-இன் நடுப்பகுதி வரை அதன் மேல் மூன்றிலொரு பங்கு அடர்பழுப்புத் திட்டுகளும் இருந்தன. சிறிய மாடலில் அந்தக் கருஞ்சாம்பலை அப்படியே பூசினால் கறுப்பாகத் தெரியும் என்பதால், சற்று வெளிர்நீலம் கலந்து இளக்குவது வழக்கம். 1943 பிப்ரவரி 18-ஆம் தேதி ஆணைக்குப் பிறகு அடிப்படை வண்ணம் அடர்மஞ்சள் ஆனது. பச்சையும் செம்பழுப்பும் குழம்பாகப் பிரிவுகளுக்கு வழங்கப்பட்டு, தண்ணீரிலோ பெட்ரோலிலோ கரைத்து அவர்களே பூசிக்கொண்டனர். ஆகையால் ஒரே பேட்டரியின் நான்கு பீரங்கிகளிலும் திட்டுகள் வெவ்வேறாக இருப்பது பிழையன்று. வட ஆப்பிரிக்காவில் 1941 முதல் மஞ்சள்பழுப்பும் சாம்பல்பச்சையும்.

குழலின் முனையைக் கரும்புகைப் படிவத்தால் கறுப்பாக்குவதில் அளவு காக்க வேண்டும். கால்கள் மண்ணில் புதையும் இடத்திலும், வீரர்களின் பூட்ஸ் தொடர்ந்து படும் இடத்திலும் தேய்மானத்தைக் காட்டுவது அதைவிட உண்மையாக இருக்கும்.

17 செ.மீ., 21 செ.மீ. பீரங்கிகளின் மாடல்கள் பயன் உள்ளவையா?

இரண்டும் க்ரூப் நிறுவனத்தின் ஒரே வகை வண்டியில் ஏறின. எனவே குழல் மட்டும் மாறும் ஒரே மாடல் இரண்டுக்கும் உதவும். அந்த வண்டியின் பொறியியல் வியக்கத்தக்கது. சுடும்போது குழல் தன் தொட்டிலில் பின்னோக்கிச் செல்ல, குழலைத் தாங்கும் மேல் வண்டி முழுவதும் கீழ் வண்டியின் மேல் இன்னொருமுறை பின்னோக்கிச் சென்றது. இந்த இரட்டைப் பின்னுதைப்பு காரணமாகப் பதினேழு டன் எடையுள்ள பீரங்கி சுடும்போது ஏறத்தாழ அசையாமல் நின்றது. தரையில் பதித்த மேடையின் மேல் அதை முழு வட்டமாகத் திருப்ப மிகச் சில ஆட்களே போதுமாயிருந்தது. 17 செ.மீ. பீரங்கி 29 கி.மீ.க்கு மேலும், 21 செ.மீ. மோர்சர் 16 கி.மீ.க்கு மேலும் சுட்டன. மாடல் செய்யும்போது அந்த வட்ட மேடையை விட்டுவிடாதீர்கள். விளையாட்டில் இவற்றுக்கு மேசைக்கு வெளியேதான் இடம்.

கார்ல், டோரா, லியோபோல்ட் போன்ற மாபெரும் பீரங்கிகள்?

ஏழு மட்டுமே செய்யப்பட்ட, 124 டன் எடையுள்ள கார்ல், 1942-இல் செவஸ்தபோலிலும் 1944-இல் வார்சாவிலும் சுட்டது. அதன் 60 செ.மீ. குழலிலிருந்து புறப்பட்ட, இரண்டு டன்னுக்கு மேற்பட்ட குண்டின் வீச்சு 4,300 மீட்டருக்குச் சற்று மேல். அதாவது காலாட்படையின் எஸ்ஐஜி 33-ஐவிடக் குறைவு. முற்றுகை ஆயுதத்துக்கும் களப் பீரங்கிக்கும் உள்ள வேறுபாட்டை இந்த ஒரே ஒப்பீடு காட்டிவிடும். டோரா என்ற ரயில் பீரங்கி செவஸ்தபோலில் 48 குண்டுகளைச் சுட்டது. 1,350 டன் எடையுள்ள அதற்காகவே தனி இரட்டை ரயில் பாதை அமைக்க வேண்டியிருந்தது. அதன் 32.5 மீட்டர் குழல் 1/72 அளவில் 45 செ.மீ. நீளும். 1944-இல் இத்தாலியின் ஆன்சியோ கடற்கரையில் நேச நாட்டுப் படையைச் சுட்ட, கே5 வகை ரயில் பீரங்கியான லியோபோல்டின் குழல் அதே அளவில் 30 செ.மீ. வரும்.

ஒரு விளையாட்டில் இவற்றுக்கு உரிய பங்கு, பிடிக்கவோ தகர்க்கவோ வேண்டிய இலக்காக இருப்பதே. சுடும் ஆயுதமாக இவற்றை மேசையில் இறக்குவது மற்ற எல்லா உருவங்களையும் பயனற்றவையாக்கிவிடும்.

நெபெல்வெர்ஃபர் ராக்கெட் ஏவிகளையும் இதோடு சேர்க்கலாமா?

சேர்க்கலாம், ஆனால் அவர்கள் தனிப் படைவகையினர், அடையாள நிறம் கருஞ்சிவப்பு. ஆறு குழல் கொண்ட 15 செ.மீ. ஏவியின் வீச்சு சுமார் 7 கி.மீ. ராக்கெட்டுகளின் புகை நிலையைக் காட்டிக்கொடுத்ததால், சுட்டபின் விரைவாக இடம் மாற வேண்டியிருந்தது. விதியில் அதைச் சேர்க்க மறக்க வேண்டாம்.

இந்தியப் படைகள் எதிர்கொண்ட ஜெர்மானியப் பீரங்கியை வைத்து விளையாட முடியுமா?

முடியும், செய்யவும் வேண்டும். 1944 பிப்ரவரி, மார்ச் மாதங்களில் இத்தாலியின் மோன்ட்டே கசினோ மலையில் 4-ஆம் இந்திய டிவிஷன் போரிட்டது. அதன் பொறியாளர்களில் மதராஸ் சாப்பர்ஸ் பிரிவினரும் இருந்தனர். மலைப்பாதையை டாங்குகள் செல்லும் அளவுக்கு அகலப்படுத்திய கேவண்டிஷ் சாலைப் பணி, ஜெர்மானியப் பார்வையாளர்கள் உயரத்திலிருந்து கவனித்த நிலத்தில் நடந்தது. இங்கே ஜெர்மானியத் தரப்புக்கு மேசையில் ஒரு பீரங்கிகூடத் தேவையில்லை: மலைமேல் ஒரு பார்வையாளர் குழு, முன்கூட்டியே குறிக்கப்பட்ட சில இலக்குப் புள்ளிகள், மட்டான எண்ணிக்கையில் குண்டுகள். மறுதரப்பில் சாப்பர்கள் இரவின் மறைவில் பாறைகளை அகற்றுகிறார்கள். வெளிச்சம் வரும்வரை எத்தனை அங்குலம் பாதை முடிந்தது என்பதே புள்ளிக்கணக்கு. தமிழ் வாசகர்கள் இந்தச் சண்டையை மேசையில் அமைப்பதை நான் மிகவும் விரும்புகிறேன். இது மிக அரிதாகவே விளையாடப்படுகிறது.

ஜெர்மானியத் தரப்பை எடுத்து விளையாடுவது முறையா?

இரு தரப்பும் இல்லாமல் வரலாற்று விளையாட்டு இல்லை என்பதால், யாரோ ஒருவர் அந்தத் தரப்பை எடுத்தே ஆக வேண்டும். ஆனால் இந்தப் பீரங்கிகள் எதைச் சுட்டன என்பதை மறைக்காமல் சொல்ல வேண்டும். லெனின்கிராட் முற்றுகையில் கனரகப் பீரங்கிகள் குடிமக்கள் வாழ்ந்த தெருக்களை ஆண்டுக்கணக்கில் தாக்கின. வார்சா எழுச்சியில் கார்லின் இலக்கு ஒரு நகரின் கட்டடங்கள். அத்தகைய தாக்குதல்களை வெற்றிப்புள்ளி தரும் விளையாட்டாக அமைப்பதை நான் ஏற்கவில்லை. நாஜிச் சின்னங்களை மாடலில் தீட்டவும் தேவையில்லை. களப் பீரங்கியில் அவற்றுக்கு இடமே கிடையாது என்பதால் வரலாற்றுத் துல்லியத்துக்கும் எந்தக் குறையும் வராது.

முதல் உலகப் போர் மாடல்கள் பற்றி?

பெருமளவில் தனி உலகம். 1914 ஆகஸ்டில் பெல்ஜியத்தின் லியேஜ் கோட்டைகளை உடைத்த 42 செ.மீ. ‘பெரிய பெர்த்தா’ பலரையும் ஈர்க்கிறது. லோன்சன் கோட்டையின் வெடிமருந்துக் கிடங்கு ஆகஸ்ட் 15 அன்று அதன் குண்டால் வெடித்தது. 1918-ஐச் சேர்ந்த மாடல் என்றால், அந்த ஆண்டு ஜூலையில் ஆணையிடப்பட்ட பல்வண்ண உருமறைப்பைத் தீட்டலாம்: பச்சை, மஞ்சள், துருப்பழுப்புத் திட்டுகளை விரல் அகலக் கறுப்புக் கோடுகள் பிரிக்கும்.

ரெசின், உலோகம், பிளாஸ்டிக், முப்பரிமாண அச்சு: எதைத் தேர்ந்தெடுப்பது?

நீண்ட குழலுள்ள மாடலில் வளைவுதான் முதல் எதிரி. ரெசின் குழல் வளைந்திருந்தால், வெந்நீரில் சிறிது நேரம் மூழ்கவைத்து, நேரான பரப்பில் உருட்டி, உடனே குளிர்ந்த நீரில் இட்டால் நேராகிவிடும். உலோக மாடலில் கனமான குழல் பசையை மட்டும் நம்பி நிற்காது. இரு பாகங்களிலும் துளையிட்டு மெல்லிய பித்தளைக் கம்பியைச் செருகி ஒட்டுங்கள். பிளாஸ்டிக்கிற்கு அதற்குரிய கரைப்பான் பசையும், மற்ற இரண்டுக்கும் சூப்பர் க்ளூவும் வேண்டும். ரெசினைத் தேய்க்கும்போது ஈரத்துடன் தேய்த்து, முகக்கவசம் அணிய வேண்டும். அந்தத் தூசு நுரையீரலுக்குக் கெடுதல். வீட்டிலேயே ரெசின் அச்சு இயந்திரம் வைத்திருப்பவர்களுக்கு, கடைகளில் எளிதில் கிடைக்காத 10 செ.மீ. கே 18 போன்றவற்றைப் பெற அச்சிடுவது நல்ல வழி. குழலைச் சற்றுச் சாய்த்து நிறுத்தி அச்சிட்டால் அடுக்குக் கோடுகள் குறையும்.

அடித்தட்டையும் உருமறைப்பு வலையையும் எப்படிச் செய்வது?

மருந்துக்கடையில் கிடைக்கும் கட்டுத்துணியை வெட்டி, நீர் கலந்த ஃபெவிகாலில் நனைத்து, நான்கு குச்சிகளின் மேல் தொய்வாக விரித்துக் காயவிடுங்கள்; பிறகு பச்சையும் பழுப்புமாகத் தீட்டி, நொறுக்கிய காய்ந்த தேயிலைச் சக்கையைத் தூவினால் இலை கட்டிய வலையாகிவிடும். வலை குழலை முழுவதும் மூடக் கூடாது. சுடும் திசை திறந்திருக்க வேண்டும். கால்களின் முனைகள் மண்ணில் புதைந்திருப்பதைக் காட்ட, அடித்தட்டில் அந்த இடங்களைக் குடைந்து, சுற்றிலும் மண்ணைக் குவியுங்கள். பீரங்கியை அடித்தட்டில் நிரந்தரமாக ஒட்டாமல் விட்டால், அதையே இழுவை வாகனத்தோடும் பயன்படுத்தலாம். இதற்காகக் குழுவினரைத் தனித்தனி நாணய அளவுத் தட்டுகளில் நிறுத்துவது வசதியானது.

விளையாடும் நாளில் எத்தனை பீரங்கிகள் போதும்?

28 மி.மீ. விளையாட்டுக்கு ஒரு எஸ்எஃப்எச் 18-உம் ஒரு பார்வையாளர் குழுவும். 15 மி.மீ. (1/100) அளவில் நான்கு பீரங்கிகள், குறைந்தது இரண்டு இழுவை வாகனங்கள், ஒரு வெடிமருந்து லாரி. பணம் குறைவாக இருந்தால் பீரங்கியைத் தள்ளிப்போட்டுப் பார்வையாளர் குழுவை முதலில் வாங்குங்கள். மேசைக்கு வெளியே நிற்கும் பேட்டரிக்கு மாடல் இல்லாமலும் அன்று விளையாடிவிட முடியும்.